செம்புக் கோடு

வெள்ளிக் கிண்ணத்தின் அடியை உரைகல்லில் இழுத்த பொற்கொல்லர் சங்கத் தலைவர் கெலெமென், கல்லை வெயிலில் சாய்த்து அதில் விழுந்த கோட்டைப் பார்த்தார். சிவப்போடியிருந்தது.

“செம்பு,” என்றார், சந்தையே கேட்கும்படி.

கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றை, முன்வரிசையில் நின்ற ஓர்ஷோல்யா இறுகப் பிடித்தாள்.

கிண்ணத்தைச் செய்தவன் மிக்ஷா. அறுவடை முடிந்ததும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். ஒன்பது வருடம் அடுத்தவர் பட்டறையில் சுத்தியல் பிடித்தவன், சொந்தமாகப் பட்டறை வைக்கச் சங்கத்துக்குச் செய்து காட்ட வேண்டிய ஒற்றை வேலை இது. இப்படித் திராட்சைக்கொடி இழைத்த கிண்ணத்தைக் கஷ்ஷா நகரம் பார்த்ததில்லை.

அதைப் பட்டடைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் மூன்றே அடியில் நசுக்கினார்கள்.

தான் எதையும் கலக்கவில்லை என்றான் மிக்ஷா. சங்கத்தார் சிரித்தார்கள். அரசர் பெயரால் தீர்ப்பை வாசித்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவன் கோட்டைவாசலைத் தாண்டிவிட வேண்டும். இந்த ராஜ்ஜியத்தில் இனி வெள்ளியைத் தொடக் கூடாது.

அவன் தலை குனிந்தான்.

அந்தக் குனிவைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தப்புச் செய்யாதவன் எதற்குக் குனிய வேண்டும்?

கெலெமென் அவள் பக்கம் திரும்பினார். “அழாதே பொண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடியே பயலோட லட்சணம் தெரிஞ்சுபோச்சே, உங்கப்பன் செஞ்ச புண்ணியம்.”

அவள் அழுதிருக்கவேயில்லை.

கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். தோளைப் பிடித்த காவலனை உதறிய வேகத்தில் அவன் ஈட்டி தரையில் உருண்டது. இடுப்புப் பையிலிருந்து, தான் சாப்பிடும் வெள்ளிக் கரண்டியை எடுத்து, நசுங்கிக் கிடந்த கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள்.

“இதையும் உரைச்சுப் பாருங்கய்யா.”

கெலெமென் கை நீட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கத்துக் கிழவர்தான் எடுத்து உரைத்தார்.

அதே சிவப்பு.

அவளுடைய சீருக்காக அப்பா வாங்கிய பன்னிரண்டு கரண்டிகளில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மற்ற பதினொன்றையும் அந்தக் கிண்ணத்துக்காக உருக்கக் கொடுத்தவள் அவளே. செய்த பொற்கொல்லரின் முத்திரை குத்திய வெள்ளி என்பதால் மிக்ஷா உரைத்துப் பார்க்கவில்லை.

கிழவர் கரண்டியைத் திருப்பினார். காம்பின் பின்புறத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைச் சங்கத் தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அது கெலெமெனின் முத்திரை.