பைக்குள் இருந்த பொடி

பழனியின் டீக்கடையில் ஐந்தாறு தலைகள் ஒரு செல்போன்மேல் கவிழ்ந்து கிடந்தன.

வேலாயுதம் பெஞ்சின் ஓரத்தில் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. பத்து வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர். அந்தச் செல்போன் பெட்டியில் வருகிற எதையும் அவர் நம்பியதில்லை.

போன வாரம் ஊர் முழுக்க எஸ்.எம்.எஸ். வந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, மயக்கப் பொடி தூவித் தூக்கிப் போகிறார்கள், பத்துப் பேருக்கு அனுப்பு.

“பொடியாவது மண்ணாவது” என்று காறித் துப்பினவர் அவர் ஒருத்தர்தான்.

இப்போது போனில் ஓடுவது முந்தாநாள் காலை அவர் தெருவில் நடந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் ஏதோ விசாரித்த வெளியூர்க்காரனை மடக்கிப் பையைக் கவிழ்க்கிறார்கள். ஒரு பொட்டலம் பொடி விழுகிறது. அதை எடுத்து ஒரு கிழவரின் மூக்குக்கு நேரே நீட்டி என்னவென்று கேட்கிறார்கள். கிழவரின் முதுகுதான் தெரிகிறது.

அதற்கப்புறம் அடி.

“இன்டர்நெட்டுல, அந்த ஆர்க்குட்ல நம்ம ஊரை நாறடிச்சிக்கினு இருக்கானுங்கபா. நாலு பேர் உஷாரா இருந்தா தப்பா? போலீசா வந்து நம்ம புள்ளைங்கள காப்பாத்தப் போவுது?” என்றான் பழனி.

தலைகள் ஆடின. டீ குடிக்க வந்த தணிகாசலம் மட்டும் ஆட்டவில்லை. அடி வாங்கின ஆளுக்கு வலது கை விரல் நாலும் நொறுங்கிப் போச்சாம் என்றான்.

பழனி வேலாயுதத்தின் பக்கம் திரும்பினான். “நைனா, உன்னத்தான கேட்டானுங்க? இன்னா சொன்ன? சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

“தெரியலன்னேன்.”

“உனக்கு எப்படித் தெரியும், பாவம்” என்று பழனி மறுபடி போனில் கவிழ்ந்தான்.

வேலாயுதம் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் அதை மோந்த மாத்திரத்திலேயே அவருக்குத் தெரிந்தது. சலித்த அடுப்புச் சாம்பல். தறியில் நீளவாட்டில் ஓடுகிற பழைய பாவு நூலின் நுனியோடு புதுப் பாவு நுனியை இழை இழையாக முறுக்கிப் பிணைக்கிறவன், பட்டு வழுக்காமலிருக்க விரலில் தொட்டுக்கொள்வது. தறிக்காரன் எவனுக்கும் தெரியும். ஆனால் சுற்றி நின்றவை தறி பார்க்காத முப்பது முகங்கள். நீயும் கூட்டாளியா என்று கேட்டுவிட்டால்?

போனில் அந்த ஆள் அடிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. கிழவரையே பார்க்கிறான், இவர் சொல்லிவிடுவார் என்பதுபோல.

வேலாயுதத்தின் தறியில் புதுப் பாவு இன்னும் பிணைக்காமல் கிடந்தது. அதைப் பிணைக்க ஆள் அனுப்பச் சொல்லி வாலாஜாபாத்துக்குத் தகவல் கொடுத்தவர் அவர்தான்.

அவன் பிள்ளைகளிடம் விசாரித்தது அவர் வீட்டை. வாசலில் நின்ற அவர் காதிலும் அது விழுந்தது.