சூடாகாத இஸ்திரிப் பெட்டி

“இந்த இஸ்திரிப் பெட்டி இனிமே சூடாகவே கூடாது, தம்பி. ஆனா விளக்கு மட்டும் எரியணும்.”

மெக்கானிக் காதைத் தேய்த்துக்கொண்டார். கெட்டதைச் சரிபண்ணத்தான் அவர் கடைக்கு வருவார்கள். நல்லதைக் கெடுத்துத் தரச்சொல்லி இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

“நல்லாத்தானேம்மா வேலை செய்யுது?”

“அதுதான் இப்ப சங்கடமே.” அந்த அம்மாள் குடையை மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “வீட்டுக்காரர் ஆன் பண்ணிட்டு அப்படியே மறந்துடறார். நேத்து படுக்கை விரிப்பு கருகிப் போச்சு. நல்லவேளை, வீடு தப்பிச்சுது. கேட்டா, ‘ஆமா, நான்தான்’னு தலையைக் குனிஞ்சுக்கிறார். பாவமா இருக்கு.”

“தானா அணையற மாடல் வந்திருக்கேம்மா. அதை வாங்கிடலாமே.”

“எதுக்குன்னு யோசிப்பார். தனக்கு மறதி முத்திப் போச்சுன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடுவார். பெட்டி பழசு, சூடு வரலைன்னா, பழி பெட்டியோட போயிடும்.”

மெக்கானிக் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சரிம்மா, சாயங்காலம் வாங்கிக்குங்க” என்றார்.

அம்மாள் போனபிறகு பார்த்தால், குடை மேஜையிலேயே இருந்தது. கவலையில் இருப்பவருக்குக் குடையா ஞாபகம் வரும் என்று அதை ஓரமாக எடுத்து வைத்தார்.

பெட்டியைக் கழற்றினார். விளக்குக்குப் போகும் இணைப்பைத் தொடாமல், சூடேற்றும் காயிலுக்குப் போகும் ஒயரை மட்டும் வெட்டி எடுத்தார். நல்ல ஒயரை வெட்ட அவருக்குக் கையே வரவில்லை.

கடைசித் திருகை முடுக்கும்போது வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார்.

“ஒரு குடை இங்கே இருக்கா, தம்பி? எங்க விட்டோம்னே தெரியலையாம், என் சம்சாரத்துக்கு. வழியெல்லாம் கடை கடையா கேட்டுக்கிட்டு வர்றேன்.”

மெக்கானிக் பதறிப்போய்ப் பெட்டியைத் துணியால் மூடினார். அதற்குள் பெட்டியையும் பக்கத்தில் கிடந்த ஒயர்த் துண்டையும் பெரியவர் பார்த்துவிட்டார்.

“சூடு வராம பண்ணச் சொன்னாளா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமாங்கய்யா. மனசுல வெச்சுக்காதீங்க. வயசானா மறதி யாருக்கும் வர்றதுதான்.”

“அவளே கொண்டு வந்ததுதான் நல்லதாப் போச்சு. இதை எப்படி ஒழிக்கிறதுன்னு நானே முழிச்சுக்கிட்டிருந்தேன்.” பெரியவர் குடையை வாங்கித் தூசியைத் தட்டினார். “அவகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க, தம்பி. அந்தப் பெட்டியை நான் தொட்டதே கிடையாது. தேய்க்கிறதும் அவதான், மறக்கிறதும் அவதான்.”