சுற்றிச் சுற்றி ஒரு சோபா

அண்ணன் தம்பி சண்டையில் சோபா கடை இரண்டானது, ஆளுக்கொரு வெப்சைட். ஒரே வாரத்தில் அண்ணன் கடையின் சோபா பக்கம் திறக்கவில்லை. இணையத் தேடலிலும் இருந்த இடம் தெரியவில்லை.

“எல்லாம் உங்க தம்பி கைவரிசை!” மனைவி கணவர்மேல் பாய்ந்தாள்.

வெப்சைட் பார்க்கும் பெண் கணினியைத் துழாவினாள். “ஆமாக்கா, அவர்தான். தன் பக்கத்துக்கு வர்றவங்களை உங்க கடைக்குத் திருப்பி விட்டிருக்கார்.”

“நம்ம கடைக்கா?” மனைவியின் குரல் இறங்கியது.

“ஆனா, உங்க பக்கமும் ஏற்கெனவே அவர் கடைக்குத் திருப்பியிருக்கு. வர்றவங்க அங்கயும் இங்கயுமா சுத்துறாங்க, எதுவும் திறக்கல. அதான் தேடல்ல ரெண்டையுமே தூக்கிட்டாங்க.”

“நம்ம பக்கத்தை யார் திருப்பினது?”

கணவர் தலையைச் சொறிந்தார்.

“அவனோட பேச்சே கிடையாதுன்னீங்க?”

“பேசலையே... கஸ்டமரைத்தானே அனுப்பினேன்.”