தேர்வுச் செயலிக்கு ஒரு விலக்கு

மூன்றாவது தடவையும் தேர்வுச் செயலி திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

திரையின் மூலையில் ஆன்ட்டிவைரஸின் சிவப்புப் பெட்டி: சந்தேகத்துக்குரிய நிரல், தடுக்கப்பட்டது.

அதைக் குறை சொல்லவும் முடியாது. தேர்வுச் செயலி கேமராவைத் திறக்கும், விசைகளைக் கவனிக்கும், மற்றதையெல்லாம் மூடச் சொல்லும். காப்பியடிக்காமல் பார்த்துக்கொள்கிற நிரலும் திருட வருகிற நிரலும் செய்வது ஒரே வேலைதான்.

அவள் நர்ஸ். தேறினால் கடல் தாண்டி ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை. தேர்வுக்குள் நுழைய இன்னும் கால் மணி நேரம்தான் அனுமதி.

கணவன் அறைக்குள் வருவதும் போவதுமாக இருந்தான். நாற்காலியை நகர்த்தினான். மின்விசிறியைக் கூட்டினான், குறைத்தான்.

"காவலுக்கு வெச்ச நாய் வீட்டுக்காரியையே கடிக்குதா?"

"கொஞ்சம் சும்மா உக்காருங்களேன்."

ஆன்ட்டிவைரஸின் அமைப்புகளுக்குள் போனாள். விலக்குகள்: தடுக்க வேண்டாம் என்று அதனிடம் சொல்லிவைக்கும் பட்டியல். காலியாக இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். காலிதான்.

அவசரத்தில் செயலியின் கோப்பை மட்டும் சேர்த்தாள். திறந்தது, மூடிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அது புதுப் பெயரில் இன்னொரு கோப்பை உண்டாக்கும்; ஃபோல்டரையே சேர்க்க வேண்டும். தெரிந்ததுதான், பதற்றத்தில் மறந்துவிட்டது. மவுஸ் வியர்வையில் வழுக்கியது.

"விடு, போகுது," என்றான் தோளுக்குப் பின்னாலிருந்து. "போன வாரம் நீ சேர்த்ததெல்லாம் ஏதாவது அப்டேட்ல அழிஞ்சிருக்கும். அடுத்த வருஷம் எழுதினாப் போச்சு. இப்ப என்ன குடி முழுகிடுச்சு?"

அவள் கை ஒரு நொடி நின்றது.

பிறகு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தாள். செயலி திறந்தது. மூடவில்லை. கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்றது திரை.

"வெளிய போங்க," என்றாள், திரும்பாமல்.

"நான் ஓரமா..."

"போங்க."

கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் கேள்வி வந்திருந்தது. இரண்டு தடவை படித்தும் தலையில் ஏறவில்லை.

போன வாரம் அவள் அந்த ஃபோல்டரைச் சேர்த்த அன்று அவன் ஊரிலேயே இல்லை. சேர்த்ததை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.