பிரேக்கில் ஏதோ சத்தம்

"பிரேக்ல ஏதோ சத்தம் சார். சாயங்காலம் ஆகும்," என்றார் சர்வீஸ் சென்டரின் கவுண்டர் அம்மா.

மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டார். "போன தடவை என்ன சொன்னீங்க?"

"போன தடவை ஏசி சார்."

"அதுக்கு முந்தி?"

"அதுவும் பிரேக்தான்."

மற்றவர்கள் வண்டியெல்லாம் மத்தியானத்துக்குள் திரும்பிவிடும். மீட்டரின் வண்டி மட்டும் எப்போது போனாலும் பொழுது சாய்ந்துதான் வரும்.

மீட்டர் என்பது, ஓயாமல் கிலோமீட்டர் ஏற்றிக்கொண்டிருக்கும் அந்த விற்பனையாளருக்கு ஆபீஸ் வைத்த பெயர். பல் டாக்டர்களுக்குச் சாய்வு நாற்காலி விற்கிற கம்பெனி அது. விற்பனையில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதும், அவர்கள் ரூட்டையும் சேர்த்து மீட்டர் தலையில் கட்டியவர் மேனேஜர்தான். ஆள் குறைந்தும் விற்பனை குறையவில்லையே என்று எம்.டி. மேனேஜருக்குக் கைகொடுத்துப் பாராட்டினார். மீட்டர் அப்போது ரோட்டில் இருந்தார்.

வண்டி லீசுக்கு எடுத்தது. கிலோமீட்டர் ஏற ஏற சர்வீஸ் விட்டாக வேண்டும். ஒன்று தவறினாலும், திருப்பிக் கொடுக்கும்போது லீஸ் கம்பெனிக்காரர்கள் உயிரை எடுத்துவிடுவார்கள். அதனால் சர்வீஸ் விஷயத்தில் மேனேஜர் படு கறார். "ஓய்வு ஒழிச்சல் இல்லாம ஓட்டினா எந்த மெஷினும் ஒருநாள் நடுரோட்டுல படுத்துடும்" என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்லுவார். சொல்லிவிட்டு மீட்டருக்கு மறுநாள் ரூட்டைக் கொடுப்பார்.

அன்றைக்கென்று பார்த்து ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரியிலிருந்து, நாற்காலியை இன்றே வந்து காட்டினால் மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நாற்காலியைச் சாய்த்து நிமிர்த்திக் காட்டுவதில் மீட்டரை மிஞ்ச ஆளில்லை; அவரையே அனுப்பு என்று எம்.டி. காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆர்டர் கைநழுவினால் அடுத்து வீட்டுக்குப் போவது தான்தான் என்பது மேனேஜருக்குத் தெரியும்.

மீட்டரோ போனையே எடுக்கவில்லை.

இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டினார் மேனேஜர். சர்வீஸைச் சாக்கு வைத்து அந்த ஆள் எங்கேயோ ஊர் சுற்றுகிறார், இந்த அம்மா அதற்கு ஒத்து ஊதுகிறார். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினார்.

சர்வீஸ் சென்டர் வாசலிலேயே பிடிபட்டது, வண்டி. கழுவித் துடைத்து, புது மாப்பிள்ளை மாதிரி நிழலில் நின்றது. பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. இடது பக்கத்தில் அந்த நீளமான கீறல் மட்டும் அப்படியே இருந்தது. "இரவல் வண்டின்னா அவ்வளவு இளக்காரமா?" என்று எல்லோர் முன்னாலும் மீட்டரை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்.

நேராகக் கவுண்டருக்குப் போனார்.

"ஏம்மா, வாசல்ல நிக்கிறது யார் வண்டி?"

கவுண்டர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க வண்டிதான் சார்."

"பிரேக்ல சத்தம்னீங்க."

"ஒரு சத்தமும் இல்ல சார். காலையிலேயே முடிஞ்சிருச்சு."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று மேனேஜர் எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வசனம் அத்தனையும் வீணாய்ப் போயிற்று. "அப்ப ஆள் எங்கே?"

கவுண்டர் அம்மா வெயிட்டிங் ரூமைக் கைகாட்டினார். அதன் கதவை மறித்து, 'தரை ஈரம், வழுக்கும்' என்று மஞ்சள் பலகை ஒன்று நின்றது. வாடிக்கையாளர்கள் எல்லாம் வெளியே ஒரே பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"காலையிலேர்ந்து காயுதாம் சார்," என்றார் பெஞ்சின் ஓரத்தில் பாதி உட்கார்ந்திருந்தவர்.

மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். தரையில் சொட்டு ஈரம் இல்லை. டிவி அணைக்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகச் சேர்த்துப் போட்டு, ஷூவோடும் டையோடும் மீட்டர் தூங்கிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் போய்ச் சாய்வு நாற்காலி விற்பவர். வாய் அகலத் திறந்திருந்தது, அவர் விற்ற நாற்காலியில் படுத்தவர்களைப் போல.

"முதல் தடவை வந்தப்ப சாவியைக் கொடுத்தார் சார்," என்றார் பின்னால் வந்து நின்ற கவுண்டர் அம்மா. "ரசீது போட்டுட்டு நிமிர்றேன், நின்னுக்கிட்டே தூங்கறார். வீட்டுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அவ பயந்துக்குவான்னார். அன்னையிலேர்ந்து உங்க வண்டிக்கு மட்டும் சாயங்காலம் ஆகும்னு சொல்லிடறேன்."

மேனேஜர் மறுபடி கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்.

"போன தடவை இடது பக்கம் பூரா உரசியிருந்துச்சு. எங்கே சார் உரசினீங்கன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சார். ஞாபகம் இல்லைம்மான்னார்." கவுண்டர் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பினார். "எழுப்பணும்னா நீங்களே எழுப்பிக்கங்க சார்."

மேனேஜர் பலகையை நகர்த்திவிட்டு உள்ளே போனார். மீட்டரின் தோளை நோக்கிக் கையை நீட்டினார்.

மேனேஜரின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எம்.டி.

அவசரமாக வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நகர்த்திய பலகையை எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார்.

"என்னய்யா, வண்டி ரெடியா இல்லையா?" எம்.டி.யின் குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது. மேனேஜர் போனைக் கையால் பொத்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார்.

"நாற்காலியை நானே கொண்டுபோய்க் காட்டிடறேன் சார்," என்றார், கிசுகிசுவென்று. "பிரேக்ல ஏதோ சத்தம். சாயங்காலம் ஆகும்."