பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்

“நீ பயப்படாத நாள்னு ஒண்ணு இருக்காடி?”

கல்யாணமான புதிதில், குக்கர் விசிலுக்கு அவள் துள்ளி விழுந்தபோது அவன் கேட்டது.

இப்போது அவன் தொண்டையில் குழாய்.

பன்னிரண்டு நாளாகக் கை கால் அசையவில்லை. அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவன் நரம்புகளைத் தின்கிறதாம். இமை மட்டும்தான் பேசும். ஒரு தரம் சிமிட்டினால் ஆமாம். இரண்டு தரம் என்றால் இல்லை.

கழுத்தில் செருகிய குழாய் வழியே ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுழன்றது. ரத்தத்திலிருந்த மஞ்சள் நீர் தனியே பிரிந்து பையில் வடிந்தது. யாரோ தானமாகக் கொடுத்த மஞ்சள் நீர் அவனுக்குள் ஏறியது.

“உங்க வீட்டுக்காரர் மெக்கானிக்தானேக்கா? பழைய ஆயிலை எடுத்துட்டுப் புதுசு ஊத்துறோம். அவ்ளோதான்,” என்றான் டெக்னீஷியன்.

அவள் கையெழுத்துப் போட்ட தாள் அப்படிச் சொல்லவில்லை.

ரத்த அழுத்தம் இறங்கலாம். ஒவ்வாமை வரலாம். கிருமி தொற்றலாம். இதயத் துடிப்பு தடுமாறலாம்.

அதற்குக் கீழே அவள் படிக்கவில்லை.

ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து உடம்பிலுள்ள கால்சியத்தைக் குறைத்துவிடுமாம். “பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அவரைக் கேளுங்க. உதட்டைச் சுத்திக் குறுகுறுன்னா உடனே என்னைக் கூப்பிடணும்.”

கேட்டாள்.

இரண்டு சிமிட்டல்.

மறுபடி கேட்டாள். இரண்டு.

மூன்றாம் தரம் குனிந்தபோது அவன் தூங்கியிருந்தான்.

இந்தப் பன்னிரண்டு நாளில் அவன் அசந்து தூங்கி அவள் பார்த்ததில்லை. கண்ணை மூடினால் மூச்சு நின்றுவிடுமென்று அவனும் பயந்தே கிடந்தான்.

எழுப்ப மனம் வரவில்லை.

பத்து நிமிடம். இன்னொரு பத்து.

போர்வைக்கு வெளியே கிடந்த வலது கை அசைந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கட்டைவிரல் மெல்ல உள்ளங்கைக்குள் மடங்கியது.

“தம்பி! விரல் அசையுது! தம்பி, இங்க வாங்களேன்!”

வார்டே திரும்பியது. எதிர்க் கட்டிலருகே நின்ற பெண் கைகூப்பினாள்.

டெக்னீஷியன் சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். கையைத் தூக்கினான். மற்ற விரல்களும் குவிந்து விறைத்திருந்தன. பிரித்துப் பார்த்தான்.

பிரியவில்லை.

“கடைசியா எப்பக்கா கேட்டீங்க?”

“தூங்குறாருல்ல, பாவம்.” அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டெக்னீஷியன் இயந்திரத்தை நிறுத்தினான்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “கால்சியம் இறங்கிடுச்சு, கை இழுத்துக்கிச்சு டாக்டர்!” என்று கத்திக்கொண்டே டாக்டர் அறைக்கு ஓடினான்.