அந்த வீட்டுக்காரி

“சின்யோராவைப் பற்றி என்னடி எழுதி வைச்சனி? உண்மையைச் சொல்லு!”

பள்ளிக்கூட வாசலில் வைத்தே செல்வமலர் மகளின் கையைப் பிடித்து உலுக்கினாள். பதின்மூன்று வயதுப் பிரசாந்தினி தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செல்வமலருக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. ரீச்சர் அனுப்பிய கடிதத்தில் இருந்தது இரண்டே வரி. காலையில் மகள்தான் வாசித்துச் சொன்னாள். ‘உங்கள் மகளின் கட்டுரை பற்றிப் பேசவேண்டும். நீங்கள் வேலை செய்யும் வீட்டைப் பற்றியும்.’

அந்த இரண்டாவது வரியைத்தான் அவள் மகளை மூன்று தரம் வாசிக்க வைத்தாள். அவள் வேலை செய்யும் வீட்டு எசமானி சின்யோரா இந்த மாதத்துக்குள் ஒரு கையெழுத்து வைத்தால்தான் தங்கும் அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கலாம். இல்லையென்றால் இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் குடும்பத்தோடு இருக்கவே முடியாது. இந்த நேரம் பார்த்தா இவள் கட்டுரை எழுதவேண்டும்?

“நான் ஒண்டும் பொய் எழுதேல்லை அம்மா.”

“அதுதானடி எனக்குப் பயம்!”

எமிலியானா ரீச்சர் சின்னப் பெண். அவர்கள் வகுப்பறைக்குள் போனதும் எழுந்து வந்து கதிரை இழுத்துப் போட்டாள். மேசையில் ஒரு நாவல் கிடந்தது. அட்டையில் ஒரு பழைய பஸ். அதன் கடைசி யன்னலில் ஒரு கறுப்புச் சிறுமியின் முகம்.

“வகுப்பில் இதைத்தான் வாசிக்கிறோம்,” என்றாள் ரீச்சர், இத்தாலியனில், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி. செல்வமலருக்குத் தெரிந்த இத்தாலியன் குசினியோடு முடிந்துவிடும். மீதியை மகள்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

“அமெரிக்காவிலை நடந்தது அம்மா. கனகாலத்துக்கு முந்தி. கறுப்பு ஆக்கள் பஸ்ஸிலை பின்னுக்குத்தான் இருக்கவேணும். வெள்ளை ஆக்கள் குடிக்கிற பைப்பிலை அவை தண்ணி குடிக்கேலாது. அவைக்கு வேறை பைப்.”

“தண்ணியிலையுமா? ஐயோ, பாவங்கள்.” செல்வமலர் உண்மையாகவே உச்சுக்கொட்டினாள். “அதுக்கும் எங்கடை சின்யோராவுக்கும் என்ன சம்பந்தம்? அவ அமெரிக்காவுக்கே போனதில்லையே!”

ரீச்சர் ஒரு தாளை எடுத்தாள். “இந்த மாதிரி ஒன்றை நம் நாட்டில் கண்டோ கேட்டோ இருந்தால் எழுதுங்கள், பெயர் போடவேண்டாம் என்று சொன்னேன். ஒருவன், தெற்கத்தியர் என்பதால் தன் தகப்பனுக்கு வடக்கே தூரினில் ஒருவரும் வாடகைக்கு வீடு கொடுக்கவில்லை என்று எழுதினான். மற்றவர்கள் எல்லாம் கால்பந்தைப் பற்றி எழுதினார்கள். உங்கள் மகள் எழுதியதை வாசித்த பிறகு எனக்கு நித்திரையே வரவில்லை.”

அவள் வாசிக்க வாசிக்கப் பிரசாந்தினி குரலைத் தாழ்த்தித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“‘எனக்கு ஒரு வீடு தெரியும். அந்த வீட்டுக்காரி நல்லவள். ஆர் வந்தாலும் கண்ணாடிக் கப்பிலைதான் குடிக்கக் குடுப்பாள். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பிளாஸ்ரிக் கப். அந்த ஆள் போனதும் அதை ரெண்டு விரலாலை தூக்கிக் குப்பையிலை போடுவாள். குடுக்கேக்கை சிரிச்சுக்கொண்டுதான் குடுப்பாள். அதாலை அந்த ஆளுக்கு விளங்காது எண்டு நினைக்கிறாள்.’”

செல்வமலருக்கு ஒரே குழப்பம். சின்யோராவா? தங்கக் கரை போட்ட தன் கப்பில்தானே அவள் கோப்பி ஊற்றித் தருவாள்? பக்கத்தில் இருத்தித்தானே குடிக்க வைப்பாள்? போன மாதம் காய்ச்சல் என்றபோது சூப் வைத்துக் கொடுத்தவளும் அவள்தானே?

“நோ, நோ! சின்யோரா புவோனா! பிளாஸ்ரிக் நோ!” என்று, சின்யோரா நல்லவள் எனத் தன் குசினி இத்தாலியனில் சொல்லி, கையையும் தலையையும் சேர்த்து ஆட்டினாள்.

ரீச்சரின் கண் கலங்கிவிட்டது. “பயத்தில் மறைக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம். அந்த வீட்டுக்காரிக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.”

‘கடிதம்’ என்ற சொல் மொழிபெயர்க்காமலே விளங்கியது. செல்வமலர் துள்ளி எழுந்தாள்.

“பிள்ளை, சொல்லடி இவவுக்கு! எங்கடை சின்யோரா தெய்வம் மாதிரி எண்டு சொல்லு! கடிதம் போனால் கையெழுத்தும் இல்லை, பெர்மெஸ்ஸோவும் இல்லை. மூட்டையைக் கட்டவேண்டியதுதான்!”

“அவ இல்லை அம்மா.”

“அவ இல்லாட்டில்? பகேரியாவிலை எங்கடை சிநேகிதி றோசமலர் வேலை செய்யிற வீடோ?”

“இல்லை.”

“கபோச் சந்தையடியிலை நான் முந்தி வேலை செய்த கிழவியின்ரை வீடோ?”

“இல்லை.”

“அப்ப ஆரடி அவள்?” பயம் போன இடத்தில் இப்போது கோபம் வந்து உட்கார்ந்தது. “மனிசரை மனிசராய் மதிக்கத் தெரியாதவள்! சிரிச்சுக்கொண்டு வேறை குடுக்கிறாளாம்! அப்பிடிப்பட்டவளின்ரை வாசல்படியை நான் மிதிக்கமாட்டன். ரீச்சருக்குச் சொல்லு, கடிதத்தை அவளுக்கே அனுப்பட்டும். நல்லாய் உறைக்கிற மாதிரி எழுதச் சொல்லு!”

பிரசாந்தினி இதை மொழிபெயர்க்கவில்லை. ஒன்றும் புரியாமல் ரீச்சர் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சின்யோரா கையெழுத்து வைப்பா, நீங்கள் பயப்பிடாதேங்கோ,” என்றாள் பிரசாந்தினி.

“அப்ப அந்த வீட்டுக்காரி?”

“அம்மா, அப்பாவுக்குப் பக்கத்திலை நிண்டு, ஒரே றெஸ்ரோறன்ரிலை, ஒரே தண்ணியிலை கோப்பை கழுவுற எங்கடை ஊர் அகஸ்ரின் மாமா எங்கடை வீட்டுக்கு வந்தால், அவருக்கு மட்டும் ஏன் நீங்கள் பிளாஸ்ரிக் கப்பிலை தேத்தண்ணி குடுக்கிறியள்?”